கோந்தம்மா வாடையில்லாமல் வீடு வந்த நாள்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள். இடம் போதவில்லையென்றால் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொள்ளுங்கள். இன்றைய கதைக்கு அது பொருத்தம்தான். ஒட்டுகிற பொருளோடு ஆயுசெல்லாம் மல்லுக்கட்டிய ஒருத்தியின் கதை இது. ராஜா கிடையாது, ராட்சசன் கிடையாது. ஒரு கண்ணாடிக் குடுவையும், மீன் அழுகினாற்போல ஒரு வாடையும் உண்டு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒருத்தி தன் பெயரையே பந்தயம் கட்டினாள். வென்றாளா என்று கடைசியில் சொல்கிறேன். நடுவில் எழுந்து போகக்கூடாது, அவ்வளவுதான்.

அவள் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆசிரியை. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் கோந்தம்மா. அது காதில் விழுந்த அன்று அவள் கோபப்படவில்லை. சாக்பீஸை எடுத்துப் போய்த் தன் ஆய்வகக் கதவில் அவளே அந்தப் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டாள். அப்புறம் அதைக் கிசுகிசுப்பதில் யாருக்கும் ருசி இல்லாமல் போயிற்று. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

படிக்கிற காலத்திலிருந்தே அவள் போக்கு தனி. வேதியியல் படிக்கிறவர்களுக்குப் படிகம் என்றால் உயிர். குடுவையின் அடியில் வெள்ளை வெளேரென்று கற்கண்டு மாதிரி ஏதாவது விழுந்தால் அன்றைக்கு அவர்களுக்குக் கால் தரையில் பாவாது. அதற்குப் பதில் பிசுபிசுவென்று ஏதாவது அப்பிக்கொண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குப்பையில் கொட்டுவார்கள். குடுவை பாழ் என்று வசவு வேறு விழும். இவளோ எல்லோரும் கொட்டப்போன பிசுபிசுப்பை வாங்கி, கண்ணாடிக் குச்சியால் தொட்டு இழுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"சார், இதுல நூல் நூலா வருது சார்."

"நூல் வருதுன்னா தையல் கடைக்குப் போம்மா. குடுவையைக் கழுவி வை."

குடுவையைக் கழுவினாள், நூலை விடவில்லை. அந்த நூலுக்குத்தான் பாலிமர் என்று பெயர். பயந்துவிடாதீர்கள், பெரிய சங்கதி ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் ஒன்றோடொன்று கைகோத்து நீளமாக நிற்கிற சங்கிலி, அவ்வளவுதான். உங்கள் செருப்பின் அடி, குளியலறை வாளி, பல் துலக்குகிற பிரஷ், எல்லாம் அந்தச் சங்கிலிக் கூட்டம்தான். இவள் அதில் டாக்டர் பட்டம் வாங்கினாள், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் யாரும் வேண்டாமென்று ஒதுக்கிய ஒரு கீழ்த்தள அறையைக் கேட்டு வாங்கி ஆய்வகம் போட்டாள். சுவர் அதிரும். மேசைமேல் வைத்த பேனா தானாக நகர்ந்து விழும். "சும்மா இருக்கறவங்களைக்கூட வேலை செய்ய வைக்கிற ரூம்" என்பாள்.

வீட்டில் அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர். "அண்ணன் ஓட்டுறவர், அண்ணி ஒட்டுறவங்க, நடுவுல நான் கத்துறவ" என்று சொல்லிச் சிரிப்பாள் நாத்தனார். அவளுக்கு ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்கிற உத்தியோகம். வீட்டிலும் அதே குரல்தான். உப்பு குறைந்தால்கூடத் தெருவுக்கே தெரிந்துவிடும்.

கோந்தம்மா பல வருஷம் பாடுபட்டு ஒரு பொருளைச் செய்தாள். பார்க்க மெல்லிய ரப்பர் ஷீட். கத்தியால் இரண்டாக வெட்டி, விளிம்போடு விளிம்பு வைத்து ஒரு ராத்திரி விட்டுவிட்டால், காலையில் உடைந்த எலும்பு கூடுகிற மாதிரி தானாகவே கூடியிருக்கும். பசை வேண்டாம், சூடு வேண்டாம். செய்கிற முறையையும் அளவையும் கட்டுரையாக எழுதி வெளியிட்டாள். அடுத்த மாதமே பேச அழைத்தார்கள், விமான டிக்கெட் அனுப்பினார்கள். பல்கலைக்கழகம் பாலிமருக்கென்று தனி மையம் கட்ட முடிவுசெய்தது. அதன் தலைமைப் பேராசிரியர் நாற்காலி அவளுக்குத்தான் என்று பேச்சு.

அப்போதுதான் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். அந்தக் காலத்திலேயே அவருக்குப் பட்டப்பெயர் சந்தேகம். தராசு காட்டினாலும் நம்பாமல் கையால் தூக்கிப் பார்க்கிற ஆள். அவர் எழுதியது சுருக்கம்: சொன்ன அளவு, சொன்ன முறை, சொன்ன வெப்பம், எல்லாம் அப்படியே செய்தோம், ஷீட் வந்தது, வெட்டினோம், ஒட்டவில்லை.

அவள் முறையில் செய்தது அவளுக்கு ஒட்டுகிறது, மற்றவர்களுக்கு ஒட்டவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொன்னார்கள். நடைபாதையில் அவள் வந்தால் பேச்சு நின்றது. கடைசியில் தேர்வுக் குழு ஒரு வழி சொன்னது. அந்தச் சந்தேகமே இங்கே வரட்டும், அவளுடைய ஆய்வகத்திலேயே, குழுவின் கண்ணெதிரே, தன் கையால் ஷீட்டைச் செய்யட்டும். ஒட்டினால் நாற்காலி அவளுக்கு. ஒட்டாவிட்டால் நாற்காலி வேறு ஆளுக்குப் போகும், கட்டுரையையும் திரும்பப் பெற வேண்டும்.

"வரட்டும். டீத்தூள் நிறைய வாங்கி வெக்கறேன்" என்றாள் கோந்தம்மா.

அவளுக்குப் பயமே இல்லை. எத்தனையோ தடவை செய்து, எத்தனையோ தடவை ஒட்டிய ஷீட். தடுமாற்றம் வந்ததே துறைத்தலைவரின் தயவால்தான். பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றதும் அவருக்குக் கைகால் ஓடவில்லை.

"இந்தப் பழைய டப்பாவை வெச்சா கிளறப் போறீங்க? என் மானம் போயிடும்" என்று சொல்லிப் புத்தம்புது மோட்டார் ஒன்றை வாங்கித் தந்தார். பளபளவென்று எஃகுத் தண்டு, நுனியில் விசிறி மாதிரி தகடு. எவ்வளவு கெட்டியான திரவத்தையும் உருட்டிப் புரட்டிவிடும்.

பழைய டப்பா என்று அவர் சொன்னது காந்தக் கிளறி. குடுவைக்கு வெளியே, அடியில் ஒரு காந்தம் சுற்றும். குடுவைக்குள் போட்ட மாத்திரை மாதிரி இருக்கிற குட்டிக் காந்தமும் அதோடு சேர்ந்து சுற்றித் திரவத்தைக் கலக்கும். பாலிமர் நீள நீளத் திரவம் தேன் மாதிரி கெட்டிப்படும். ஒரு கட்டத்தில் மாத்திரையால் முடியாமல் போகும். டக், டக்கென்று முட்டிவிட்டு நின்றுவிடும். "மாத்திரை மூச்சை விட்டுடுச்சு, சாப்பாடு தயார்" என்பாள் அவள். அதற்கப்புறம், சங்கிலிகளை அங்கங்கே முடிச்சுப் போட்டு ஷீட்டை இறுக்குவதற்காகக் கடைசியில் சேர்த்த முடிச்சுத் திரவமும் கலந்தாயிற்று என்று முடிவுசெய்து, மேலே நிற்கிற தண்ணீர் மாதிரி நீர்மத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, தட்டில் ஊற்றுவாள். அந்த முடிச்சுத் திரவத்துக்குத்தான் மீன் வாடை. ஒரு சொட்டு போதும், ஊரைக் கூட்டிவிடும். புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்துத்தான் வேலை செய்வாள். ஆனாலும் அது அவள் தலைமுடியில் ஏறி வீடு வரைக்கும் வந்துவிடும்.

அவளோடு ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி உண்டு. கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது; எதிலும் பறப்பாள் என்பதால் அவளுக்குப் பெயர் அவசரம். இரண்டு பேருமாகப் புது மோட்டாரில் ஒரு ஒத்திகை பார்த்தார்கள். ஷீட் வழவழவென்று கண்ணாடி மாதிரி வந்தது. வெட்டினார்கள். சேர்த்து வைத்தார்கள். மறுநாள் காலையில் தூக்கினால், ரொட்டித் துண்டு விழுகிற மாதிரி இரண்டு பாதியும் தனித்தனியாக விழுந்தன.

அவசரம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சு மேடம். எல்லாம் போச்சு."

கோந்தம்மாவுக்கு ஒரு பழக்கம். ஏதாவது தோற்றால் பசி எடுக்கும். தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டே அந்த இரண்டு பாதியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"போகலை. நேத்து வரைக்கும் எனக்கு அந்தச் சந்தேகம் சொன்னது புரியலை. இப்போ அவன் கண்ணால பாக்கறேன். இது நல்லதுதான்."

"நல்லதா? மேடம், நீங்க என் டப்பாவையும் சேர்த்துச் சாப்பிட்டுட்டு இருக்கீங்க."

"அடடா, ஸாரிம்மா. நாளைக்கு நான் கொண்டுவரேன். நீ மறுபடியும் மோட்டாரைப் போடு."

அன்று புது மோட்டாரிலேயே இன்னொரு ஷீட் செய்தார்கள். எதுவும் பிடிபடவில்லை. அளவு அதே, வெப்பம் அதே, பாட்டில்கூட அதே. மோட்டார் நன்றாகத்தான் கிளறுகிறது. நன்றாகக் கிளறுவது எப்படிக் கெடுதல் ஆகும்? அந்தக் கேள்வியை மென்றுகொண்டே வீடு வந்தாள்.

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். ஒரு தடவை, இன்னொரு தடவை.

"என்ன அண்ணி, வேலையை விட்டுட்டீங்களா?"

"யாரு சொன்னா?"

"என் மூக்கு சொல்லுது. நேத்தும் நாத்தம் இல்ல, இன்னைக்கும் இல்ல. நீங்க தெருமுனை திரும்பினாலே எனக்குத் தெரியும், நான் டீ வெப்பேன். ரெண்டு நாளா டீ லேட்டு. காரணம் நீங்கதான்."

கோந்தம்மா ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றாள். தன் முடியை இழுத்து முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது.

"ஏய், இங்க வா. நல்லா மோந்து பாரு. புடவையை, கையை. நிஜமாவே இல்லையா?"

"இல்ல அண்ணி. மனுஷங்க மாதிரி இருக்கீங்க."

அவளுக்குத் தலைக்குள் விளக்கு எரிந்தது. வாடை வருவது முடிச்சுத் திரவத்தில். இத்தனை வருஷம் வீடு வரைக்கும் வந்த வாடை, தான் மேலே இருந்து ஒற்றி எடுத்த துணியிலிருந்து வந்தது. அதைத் துணுக்குகளைக் கரைக்க ஊற்றிய கரைப்பானின் மிச்சம் என்றல்லவா நினைத்திருந்தாள்! ஒரு சொட்டே ஊரைக் கூட்டும் என்பதால் அதில் எவ்வளவு முடிச்சுத் திரவம் இருக்கிறது என்று சந்தேகமே வந்ததில்லை. புது மோட்டாரில் மேலே எதுவுமே நிற்கவில்லை. ஒற்ற வேண்டிய வேலையே இருக்கவில்லை. மாத்திரை மூச்சை விட்டது எல்லாம் கலந்து முடிந்ததால் அல்ல, கலக்க முடியாததால். பாதிக் கதையிலேயே அது நின்றுபோக, கலக்காத முடிச்சுத் திரவம் மேலே மிதந்திருக்கிறது. அதை அவளே ஒவ்வொரு தடவையும் துடைத்து வெளியே எறிந்திருக்கிறாள்.

அப்படியென்றால் கட்டுரையில் எழுதிய அளவு அவள் ஷீட்டுக்குள் ஒருநாளும் போனதே இல்லை. எழுதியது ஒன்று, போனது வேறு. சந்தேகம் ஒழுங்காக வேலை செய்கிற ஆள், பலமான மோட்டார் வைத்திருக்கிற ஆள். அவர் முழுசையும் உள்ளே கலந்துவிட்டார். முடிச்சு அதிகமானால் சங்கிலிகள் கையைக் காலைக் கட்டிப் போட்ட மாதிரி ஆகிவிடும். வெட்டின இடத்தில் அந்தப் பக்கம் எட்டிக் கைகோக்க எதற்கும் நெகிழ்வு இருக்காது.

"அண்ணி, டீ ஆறுது."

"ஆறட்டும்டி. நீ சாதாரண ஆள் இல்ல."

"அது எனக்குத் தெரியும். ஸ்டேஷன்ல இருக்கற எல்லாருக்கும் தெரியும்."

மறுநாள் பழைய டப்பாவைத் தட்டி எடுத்து அதில் ஒரு ஷீட் செய்தாள். மாத்திரை டக்கென்று நின்றதும் துணியைத் தொடவில்லை. மேலே நின்ற நீர்மத்தைச் சொட்டு விடாமல் உறிஞ்சி எடுத்து, அமிலம் விட்டு நிறம் மாறுகிற வரைக்கும் அளந்தாள். முடிச்சுத் திரவத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அங்கேயே நின்றிருந்தது. திரும்ப அளந்தாள். அதே பதில். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது, மறுநாள் குழு வந்துவிடும்.

அவசரம் கையைப் பிசைந்தாள். "மேடம், ஒரு ஐடியா. புது மோட்டார் ரிப்பேர்னு சொல்லிடலாம். பழைய டப்பாவையே வெச்சிடலாம். அவரும் மேல நிக்கறதை ஒத்தி எடுத்துடுவார், நாம சொன்னா. ஷீட்டு ஒட்டும். ஆர்டர் கையில வந்ததும் நிதானமா நம்பரைத் திருத்திக்கலாம். யாரு என்ன பண்ணப் போறாங்க?"

"அவன் ஊருக்குப் போய் அவன் மோட்டார்ல பண்ணா ஒட்டுமா?"

"...ஒட்டாது."

"இங்க மட்டும் ஒட்டுதுன்னா அது மருந்தா, மந்திரமா?"

அவசரம் பழைய டப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"மந்திரவாதிக்கு எதுக்கும்மா பேராசிரியர் நாற்காலி? ஒரு மண்டை ஓடு வாங்கிக் கொடுத்தா போதுமே."

அவசரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "அப்போ அளவைக் குறைச்சு, புது மோட்டார்ல பண்ணினா கண்டிப்பா ஒட்டுமா மேடம்? நாம அதைப் பண்ணிப் பாக்கவே இல்லையே. நேரமும் இல்லையே."

"பண்ணிப் பாக்கலை. ஆனா ஒட்டும். ஏன் ஒட்டுதுன்னு இப்போ எனக்குத் தெரியும்மா. இத்தனை வருஷம் ஒட்டுதுன்னு மட்டும்தான் தெரியும்."

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார். "நாளைக்கு எல்லார் முன்னாடியும் நான் தப்பா எழுதிட்டேன்னு சொல்லப் போறே?"

"ஆமாங்க. நீங்க தப்பான ரோட்டுல திரும்பிட்டா என்ன பண்ணுவீங்க?"

"பயணிங்ககிட்ட சொல்லிட்டுத் திருப்புவேன். சொல்லாமத் திருப்பினாத்தான் அடிக்க வருவாங்க." தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "சொன்னாலும் ரெண்டு பேர் திட்டுவாங்க. காதுல வாங்காதே."

குழு வந்தது. தலைவர் ஓர் இயற்பியல் அம்மையார். பெரிய தோல்பை ஒன்றைத் தோளில் மாட்டியிருந்தார், புன்னகையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அவருக்குப் பின்னால் சந்தேகம். தலை நரைத்திருந்தது, பார்வை மட்டும் மாறவில்லை. வந்ததும் மேசையைத் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா கோந்து, மேசை ஆடுது?"

"பக்கத்துல ஜெனரேட்டர். நீ எதையும் நம்ப மாட்டியே, போய்ப் பாத்துட்டு வா."

"பாத்துட்டுத்தான் வந்தேன்."

எல்லோரும் உட்கார்ந்ததும் கோந்தம்மா எழுந்தாள்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். என் கட்டுரையில ஒரு அளவு தப்பு."

துறைத்தலைவருக்கு இருமல் வந்தது. குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இதை இப்பதான் சொல்றீங்களா?"

"நேத்துதாம்மா எனக்கே உறுதியாச்சு." மாத்திரை நின்ற கதையை, மேலே மிதந்த திரவத்தை, துணியால் ஒற்றி எறிந்ததை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். "இவர் எழுதினது அத்தனையும் சரி. என் அளவுப்படி பண்ணா ஒட்டாது."

"அப்போ வேலை முடிஞ்சுதே" என்று கோப்பை மூடப்போனார் குழுவில் ஒருவர்.

"முடியலை சார். இவர் ரெண்டு ஷீட் பண்ணட்டும். ரெண்டும் இந்தப் புது மோட்டார்ல. ஒண்ணு நான் எழுதின அளவு. இன்னொண்ணுல முடிச்சுத் திரவம் மூணுல ஒரு பங்கு குறைவு. நான் கிட்டகூட வர மாட்டேன். முதல் ஷீட்டு ஒட்டாது, ரெண்டாவது ஒட்டும். இதுல ஒண்ணு மாறினாலும் இந்த ரூம் சாவியை உங்க கையில கொடுத்துட்டுப் போயிடறேன்."

"ரெண்டாவதை நீங்க பண்ணிப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார் தலைவர்.

"இல்லைங்க."

"பாக்காமலேவா?"

"பாத்துட்டுச் சொன்னா அது செய்தி. பாக்காம சொல்லி நடந்தாத்தான் எனக்குப் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம்."

தலைவர் தோல்பையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். "ஆரம்பிங்க."

சந்தேகம் கையுறை மாட்டினார். ஒவ்வொரு அளவையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். தராசைக்கூட வேறொரு எடைக்கல் வைத்துச் சோதித்தார். மோட்டார் சுற்றியது, திரவம் கெட்டிப்பட்டது, மேலே ஒரு பொட்டு நீர்மம் நிற்கவில்லை. இரண்டு ஷீட்டும் இறுகியதும் வெட்டி, விளிம்போடு விளிம்பு வைத்து மூடினார். குழுத் தலைவர் தன் பையிலிருந்தே ஒரு பூட்டை எடுத்துக் கதவில் மாட்டினார். அந்தப் பையில் என்னதான் இல்லை என்று அவசரம் வியந்தாள்.

மாலையில் நடைபாதை பெஞ்சில் பழைய வகுப்புத் தோழர்கள் இருவரும் டீ குடித்தார்கள்.

"நீ பொய் சொல்றேன்னு நான் ஒருநாளும் நினைக்கலை, தெரியுமா?" என்றார் அவர்.

"நினைக்காட்டி உனக்கு அந்தப் பேரு எதுக்கு?"

"நிஜமா. ஒட்டணும்னு ஆசைப்பட்டு எவ்வளவு கிளறினேன் தெரியுமா? மோட்டாரை மாத்தினேன், வேகத்தைக் கூட்டினேன்..."

"அதான் தப்பு. நீ ரொம்ப நல்லாக் கிளறிட்டே."

அவர் டீ புரையேறச் சிரித்தார். பிறகு டம்ளரைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்: "காலையில ஒட்டலைன்னா?"

"பசிக்கும். சாப்பிட்டுட்டு ஏன்னு பாப்பேன்."

"நாற்காலி?"

"அது போகும்." கோந்தம்மா டம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். "போனா வலிக்கும்டா. ஆனா ஒட்டும்."

காலையில் பூட்டைத் திறந்தார்கள். முதல் ஷீட்டைச் சந்தேகம் ஒரு முனையில் பிடித்துத் தூக்கினார். பாதி கையில் வந்தது, பாதி மேசையிலேயே கிடந்தது. துறைத்தலைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டாவதைத் தூக்கினார். முழுசாக வந்தது. நடுவே மட்டும் தலைமுடி வைத்த மாதிரி மெல்லிய கோடு.

யாரும் கைதட்டவில்லை. சந்தேகம் விட்டுவிடுகிற ஆளா? இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். நீண்டது. விட்டார், சுருங்கிக்கொண்டது. மேலே ஒரு கொக்கியில் மாட்டி, கீழே தொங்கவிட ஏதாவது தேடினார். குழுத் தலைவர் பேசாமல் தன் தோல்பையை நீட்டினார். பை தொங்கியது. ஷீட் நீண்டு தாங்கியது. சந்தேகம் அதோடு எடைக்கற்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். ஷீட் மெலிந்துகொண்டே வந்தது, கோடு நீண்டு நீண்டு வெளிறியது. அவசரம் கோந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு எடைக்கல்.

பட்டென்று அறுந்தது. பை தரையில் விழுந்தது.

"ஐயோ" என்றார் துறைத்தலைவர்.

கோந்தம்மா அசையவில்லை. "எங்க அறுந்துதுன்னு பாரு" என்றாள்.

சந்தேகம் குனிந்து துண்டுகளை எடுத்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். வெட்டிய கோடு கீழ்த் துண்டில் முழுசாக இருந்தது. அறுந்தது அதற்கு மேலே, கத்தியே படாத இடத்தில். ஒட்டின இடம் மற்ற இடத்தைவிடக் கெட்டியாக நின்றிருக்கிறது.

அவர் துண்டைக் குழுத் தலைவரிடம் நீட்டினார். "எனக்குச் சந்தேகம் இல்லை" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுவே முதல் தடவை என்று அவரோடு படித்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

குழுத் தலைவர் பையைத் தூசு தட்டி எடுத்தார். "தப்பை எழுதி வெளியிடுங்க. அது அச்சுல வந்த பிறகுதான் ஆர்டர். முன்னாடி கிடையாது."

"நான் கேக்க இருந்ததும் அதுதாங்க. இவர் பேரையும் சேர்த்துத்தான் வெளியிடுவேன்."

கதவருகே போன தலைவர் திரும்பினார். வீட்டில் வைத்துவிட்டு வந்த புன்னகை எப்படியோ வந்து சேர்ந்திருந்தது. "அந்த ஷீட்டுல ஒரு துண்டு கொடுங்க. பை வார் அறுந்துபோச்சு."

திருத்தம் இருவர் பெயரிலும் வந்தது. அந்தத் திருத்தத்தைத்தான் முதல் கட்டுரையைவிட அதிகம் பேர் படித்தார்கள். ஏனென்றால் அதைப் படித்துச் செய்தவர்கள் எல்லோருக்கும் ஒட்டியது. ஆணையும் வந்தது. சந்தேகம் ஊருக்குத் திரும்பும்போது அந்தச் சோம்பேறிக் காந்த மாத்திரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்; சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறாராம், வழியில் கிடக்கிற ஆணியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்கிறதாம்.

திருத்தத்தின் கடைசி வரியில் மட்டும் ஒரு சிக்கல் வந்தது. நன்றி சொல்கிற இடத்தில் கோந்தம்மா எழுதியிருந்ததை நீக்கச் சொன்னார்கள் பத்திரிகைக்காரர்கள். இது வேடிக்கையாக இருக்கிறது என்றார்கள். வேடிக்கை இல்லை, நடந்தது இதுதான் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். கடைசியில் அச்சிட்டார்கள்.

அந்தப் பத்திரிகை வீட்டுக்கு வந்த மாலை, தெருமுனையில் அவள் தலை தெரிந்ததுமே டீ அடுப்பில் ஏறிவிட்டது. இப்போது நாத்தனார் ஜன்னலில் நின்று கண்ணால்தான் காவல் காக்கிறாள். பத்திரிகையைப் பிரித்து, கடைசி வரியைக் கண்டுபிடித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நடுக்கூடத்தில் நின்று உத்தியோகக் குரலில் வாசித்தாள்:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! இந்த ஆய்வுக்கு உதவிய என் நாத்தனாரின் மூக்குக்கு நன்றி!"

அவள் அண்ணன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "மெதுவாடி. தெருவுக்கே கேக்குது."

"கேக்கட்டும்ணா. என் மூக்கு அச்சுல வந்திருக்கு!"

கோந்தம்மாவுக்குப் பசித்தது. தோற்காமலேயே பசித்தது அன்றைக்குத்தான்.

கதை அவ்வளவுதான் கண்ணுகளா. மெதுவாக எழுந்திருங்கள், கால் மரத்திருக்கும். உங்கள் வீட்டில் யாராவது யாரோடாவது வெட்டிக்கொண்டு நின்றால், அவர்கள் விளிம்போடு விளிம்பு வந்து ஒரு ராத்திரி அப்படியே இருக்கட்டும். காலையில் கூடியிருக்கட்டும், முன்னைவிடக் கெட்டியாக. உங்கள் பெண்கள் தொட்டது துலங்கட்டும். நீங்கள் தெரு திரும்பும்போதே உங்களுக்காக அடுப்பில் டீ வைக்க ஒரு ஆள் வீட்டில் இருக்கட்டும். போய் வாருங்கள், நன்றாக இருங்கள்.